நவாபின் கடனும் சேரியின் கணக்கும்: செங்கற்பட்டு மண்ணில் அரசு நிதியின் 250 ஆண்டுகள்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என நீளும் தொழில்தடத்தைப் பற்றிய பேச்சு, பெரும்பாலும் முதலீட்டின் அளவில் தொடங்கி வேலைவாய்ப்பின் எண்ணிக்கையில் முடிந்துவிடுகிறது. இந்த மண்ணில் அரசு யாரிடமிருந்து வாங்கியது, யாருக்குக் கொடுத்தது, யாரைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டது என்ற கேள்விகள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. அவற்றுக்கு விடை தேட நாம் 250 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில், இன்று தொழிற்பூங்காக்கள் நிற்கும் பழைய செங்கற்பட்டு மாவட்டம்தான், தென்னிந்தியாவில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு நிதியை நடத்தக் கற்றுக்கொண்ட முதல் பெரிய நிலப்பரப்பு. ஒரு முடியரசின் கடன் எவ்வாறு ஒரு மாவட்டத்தின் வறுமையாக மாறுகிறது என்பதை இங்கே படிப்படியாகக் காணலாம்.

இக்கட்டுரையில் நாம் நிறுவ விரும்புவது ஒன்றுதான். அரசின் வரிக்கணக்கில் எவர் பெயர் இருக்கிறதோ அவருக்கே அடுத்து வரும் சீர்திருத்தத்தில் உரிமை கிடைக்கிறது. அந்த வரியை உழைப்பால் உண்டாக்கிய சேரி மக்களின் பெயர் கணக்கில் இல்லாததால், நிலம் பிரிக்கப்பட்டபோதும் பங்கில்லை. நிலம் கையகப்படுத்தப்படும்போதும் பங்கில்லை.

கடனில் நடந்த அரசு

ஆற்காட்டு நவாபாக 1749 முதல் 1795 வரை இருந்த முகமது அலி வாலாஜா, கம்பெனியின் படைபலத்தால் அரியணையைக் காத்துக்கொண்டவர். அந்தப் படைபலம் இலவசமாக வரவில்லை. பிரெஞ்சுக்காரருக்கு எதிராகக் கம்பெனி நடத்திய போர்களின் செலவு நவாபின் பெயரில் பற்று எழுதப்பட்டது. அதைக் கட்ட நவாபிடம் பணம் இல்லை. எனவே அவர் கடன் வாங்கினார். கடன் கொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் அதே கம்பெனியின் ஊழியர்கள். சொற்பச் சம்பளம் பெற்ற எழுத்தர்களும் அதிகாரிகளும் தம் சொந்தக் கணக்கில், தொடக்க ஆண்டுகளில் 20 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வட்டிக்கு நவாபுக்குப் பணம் கொடுத்தார்கள்.

இந்தக் கடனுக்கு ஈடாக வைக்கப்பட்டது விளைச்சல். ஒவ்வொரு சீமையின் வரிவருவாயும் இன்னின்ன கடன்காரருக்கு உரியது என்று ஒப்படைப்புச் சீட்டு எழுதிக் கொடுக்கப்பட்டது. சீட்டு வைத்திருந்தவர் வரிக்குத்தகைதாரரை நெருக்கினார். குத்தகைதாரர் ஊரை நெருக்கினார். கம்பெனியின் ஆலோசனைக் குழுவில் அமர்ந்து முடிவெடுத்தவர்கள் பலரும் நவாபின் கடன்காரர்களாகவே இருந்தார்கள். தஞ்சாவூரின் விளைச்சல் மீது உரிமை கோரிய பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியரின் கோரிக்கையை ஆளுநர் பிகட் ஏற்க மறுத்தார். 1776 ஆகஸ்டில் அந்த ஆளுநரையே அவருடைய சொந்த ஆலோசனைக் குழுவினர் சிறைப்பிடித்தனர். அடுத்த ஆண்டு அவர் காவலிலேயே இறந்தார். கடன்காரர் அரசைவிட வலியவர் ஆகிவிட்டார் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

1784ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தின்கீழ் லண்டனில் அமைக்கப்பட்ட கட்டுப்பாட்டு வாரியம், இக்கடன்கள் உண்மையானவையா என்று ஆராயாமலேயே, அவற்றை அடைக்கக் கர்நாடக வருவாயிலிருந்து ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் ஒதுக்க ஆணையிட்டது. எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரி 28 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தில் ஆற்றிய புகழ்பெற்ற உரை இதை எதிர்த்ததுதான். 1801இல் கம்பெனி நவாபின் நாட்டையே எடுத்துக்கொண்டது. பின்னர் எஞ்சிய கடன் கோரிக்கைகளை ஆராய ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் முன் வந்த கோரிக்கைகள் 3 கோடி பவுண்டுக்கும் மேல். ஏற்கப்பட்டவை அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதாவது ஆராயப்பட்டபோது பெரும்பகுதிக் கடன் பொய்யென்று தள்ளப்பட்டது. ஆராயாமல் ஏற்கப்பட்ட முந்தைய கடனுக்கோ ஏற்கெனவே இந்த மண்ணின் நெல் விலையாகக் கொடுக்கப்பட்டிருந்தது.

அதே காலத்து ஐரோப்பிய முடியரசுகளும் இப்படித்தான் நடந்தன. பிரான்சில் தாய் எனப்பட்ட முதன்மையான நேர்வரியிலிருந்து பிரபுக்களும் குருமார்களும் விலக்குப் பெற்றிருந்தனர். உப்புவரி முதலான மறைமுக வரிகளைத் தண்டும் உரிமை தனியார் குத்தகைக் குழுவுக்கு விடப்பட்டது. குழுவினர் அரசனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு மக்களிடம் வட்டியும் முதலுமாகப் பிடுங்கினர். போர்ச்செலவும் விளைச்சல் பொய்த்ததும் சேர்ந்த 1693–94 பஞ்சத்தில் அந்நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1788 வாக்கில் அரசின் செலவில் ஏறக்குறையப் பாதி, கடனுக்கே போனது. சலுகை பெற்றவரிடம் வரி கேட்க முடியாத அரசு, சலுகையற்றவரிடம் மேலும் மேலும் கேட்கும் என்பதே ஆற்காட்டுக்கும் பாரிசுக்கும் பொதுவான பாடம்.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. 1789இல் பிரெஞ்சு உழவர்கள் தங்கள் குறைகளை ஊர்தோறும் ஏடுகளில் எழுதி அரசனுக்கு அனுப்பினார்கள். வரி கட்டுவோர் என்ற முறையில் அவர்களுக்கு ஒரு குரல் இருந்தது. செங்கற்பட்டில் அடிமட்டத்தில் இருந்தவர் வரி கட்டுவோராகக்கூட எண்ணப்படவில்லை. அவருடைய குறை எழுத்தில் ஏற இன்னும் நூறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜாகீரும் களமும்

1763இல் நவாப், சென்னையைச் சூழ்ந்திருந்த செங்கற்பட்டுப் பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கம்பெனி அதை 1780 வரை அதே நவாபுக்கே குத்தகைக்கு விட்டது. ஆக, நிலம் கம்பெனியுடையது. வரி வாங்கும் உரிமை நவாபுடையது. வாங்கிய வரி கடன்காரருடையது. இந்த மூன்று அடுக்குகளுக்கும் கீழே ஊர் இருந்தது. ஊருக்கு வெளியே சேரி இருந்தது.

1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் இந்த ஜாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஓலையிலும் தாளிலும் எஞ்சியுள்ள அக்கணக்குகள் வீடுகளின் எண்ணிக்கை, நிலத்தின் வகை, மானியங்கள், களத்தில் ஒவ்வொருவருக்கும் உரிய பங்கு ஆகியவற்றைப் பதிவு செய்துள்ளன. அறுவடையான நெல் களத்தில் குவிக்கப்பட்டதும், பொதுக் குவியலிலிருந்து முதலில் கோயிலுக்கும் கணக்கப்பிள்ளைக்கும் ஊர்ப் பணியாளர் பலருக்கும் உரிய பங்குகள் கழிக்கப்பட்டன. அதன் பிறகே எஞ்சியது மேல்வாரம், குடிவாரம் என்று அரசுக்கும் காணியாட்சியாளருக்கும் பிரிக்கப்பட்டது. யாருடைய பங்கு எந்த இடத்தில் கழிக்கப்படுகிறது என்பதே அந்தச் சமூகத்தின் அதிகார அமைப்பு. பிரிப்பதற்கு முன் எடுப்பவர் எப்போதும் இழப்பதில்லை. பிரித்த பிறகு மிஞ்சுவதில் வாழ்பவரே பஞ்சத்தை முழுவதுமாகச் சுமப்பவர். இந்த ஒழுங்கை மனத்தில் வைத்துக்கொள்வோம். கட்டுரையின் இறுதியில் இது மீண்டும் தேவைப்படும்.

காணியாட்சி உரிமை கொண்ட மிராசுதார்கள் பெரும்பாலும் வேளாளரும் பார்ப்பனரும். வயலில் இறங்கியவர்கள் பறையர் முதலான சேரி மக்கள். அளந்து கொடுக்கப்படும் படி நெல்லைக் கூலியாகப் பெற்றதால் அவர்கள் படியாள் எனப்பட்டனர். வெட்டியான், தோட்டி முதலிய ஊர்ப்பணிகளுக்குக் களத்தில் சிறு பங்கு உண்டு. ஆனால் உழுது, நட்டு, அறுத்த உழைப்புக்கு நிலத்தில் எந்தப் பாத்தியமும் இல்லை. மேல்வாரம் கூட்டப்பட்டால் மிராசுதார் தம் குடிவாரத்தைக் காக்கக் கூலியைக் குறைக்கலாம். கூலியாளுக்கு அவ்வாறு சுமையை இறக்கிவைக்க இன்னொருவர் இல்லை. சேப்பாக்கத்து அரண்மனையின் கடன் கடைசியாக வந்து தங்கிய இடம் இதுவே.

1780இல் ஹைதர் அலி கர்நாடகத்துக்குள் நுழைந்தார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கம்பெனியின் படைப்பிரிவு ஒன்று அழிந்தது. சென்னையைச் சுற்றிய ஊர்கள் எரிந்தன. கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் மக்கள் சென்னையை நோக்கிப் பெயர்ந்தனர். மக்கள் அழிந்த நிலத்தில் வருவாயை மீட்பதே போருக்குப் பின் கம்பெனியின் முதற்கவலையாக இருந்தது.

வரி கட்டுபவரே உரிமையாளர்

1794 முதல் 1798 வரை ஜாகீரின் ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ், வருவாயைக் கூட்டும் பணியில் மிராசுதார்களுடன் மோதினார். 1802இல் ஜாகீர் முழுவதும் மிட்டாக்களாகப் பிரிக்கப்பட்டு ஏலம் விடப்பட்டது. ஏலம் எடுத்தவர்கள் பலர் தொகையைக் கட்ட முடியாமல் விழுந்தனர். பின்னர் ஊர்க்குத்தகையும் அதன் பின் ரயத்துவாரியும் வந்தன. முறைகள் மாறின, அவற்றுக்குள் ஒரு கேள்வி மட்டும் மாறவில்லை: அரசுக்கு வரி கட்டப் பொறுப்பேற்பவர் யார்? அந்தப் பொறுப்பை ஏற்றவருக்கே பட்டா. பட்டா வைத்திருப்பவருக்கே உரிமை.

ரயத்துவாரி, உழுபவரை அரசோடு நேரடியாக இணைக்கும் முறை என்று பள்ளிப் பாடங்கள் சொல்கின்றன. செங்கற்பட்டில் அது உழுவிப்பவரை அரசோடு இணைத்தது. தரிசு நிலத்தைத் தர்காஸ்து மூலம் கேட்கும்போதும் மிராசுதாருக்கே முன்னுரிமை தரப்பட்டது. சேரியைச் சேர்ந்த ஒருவர் தரிசுக்கு மனு செய்தால், அதுவரை அந்நிலத்தை ஏறெடுத்தும் பாராத மிராசுதார் வந்து தனக்கு வேண்டுமென்பார், மனு தள்ளப்படும். வரி நிலுவையின்றி வர வேண்டுமென்ற கவலையில், வருவாய்த் துறை ஊர்ப் பெரியவர்களைப் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை. சாதியைக் காத்ததில் சாத்திரத்துக்கு நிகரான பங்கு கஜானாவுக்கும் உண்டு.

1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம், அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கா என்று அறிவித்தது. அது எந்த அடிமைக்கும் ஒரு குழி நிலம்கூடத் தரவில்லை. திருமணத்துக்கு வாங்கிய சிறு கடன், தலைமுறை தாண்டிப் பண்ணையில் கட்டிவைக்கப் போதுமானதாக இருந்தது. சேரி வீடு நின்ற மனையும் மிராசுதாருக்குச் சொந்தம் என்று கருதப்பட்டதால், பண்ணை வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். சட்டம் நீக்கிய அடிமைமுறையை மனையும் கடனும் திரும்பக் கொண்டுவந்தன.

இம்மக்கள் வரியே கட்டவில்லை என்பதும் பொய். மதராஸ் மாகாணத்தில் 1805 முதல் உப்பு அரசின் ஏகபோகமாக இருந்தது. 1888இல் ஒரு மணங்கு உப்புக்கான வரி இரண்டரை ரூபாயாக உயர்த்தப்பட்டது. கஞ்சிக்கு உப்பிட்டவர் எல்லோரும் வரி கட்டினர். பட்டாதாரின் நிலவரிக்கு ரசீது உண்டு. கூலியாளின் உப்புவரிக்கு ரசீது இல்லை. ரசீது இல்லாத வரி, உரிமை கேட்கப் பயன்படாது.

1876–78 தாது வருடப் பஞ்சத்தில் இது உயிர்ப் பிரச்சினையானது. நிவாரணச் செலவைக் குறைக்க 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணியில் கடின உழைப்புக்கான கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்துடன் ஓரணா என்ற அளவுக்கு வெட்டினார். களத்தில் மிச்சத்தை நம்பி வாழ்ந்தவருக்கு, அரசின் சிக்கனமும் அதே மிச்சத்தின் மீதே விழுந்தது.

இந்த நிதி அமைப்பை ஒரு பொருளியல் அறிஞராகப் பின்னர் ஆராய்ந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1915இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த முதுகலை ஆய்வேட்டின் பொருளே கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும்தான். 1833ஆம் ஆண்டின் சாசனச் சட்டப்படி கம்பெனிப் பங்குதாரர்களுக்கு ஆண்டுக்கு 10.5 விழுக்காடு ஈவுத்தொகை இந்திய வருவாயிலிருந்து உறுதி செய்யப்பட்டது. 1858இல் கம்பெனியின் கடனும் இந்திய வருவாயின் மீதே சுமத்தப்பட்டது. அடிமைப்படுத்தப்பட்டதற்கான செலவையும் அடிமைப்பட்டவரே கட்டினர். அரசு நிதியைப் படிப்பது தலித் அரசியலுக்குப் புறம்பானது என்று எவரேனும் சொன்னால், அவருக்கு அண்ணலின் முதல் நூல்களையே நாம் காட்டலாம்.

ஒரு குறிப்பும் ஓர் அரசாணையும்

1891இல் செங்கற்பட்டு மாவட்டப் பொறுப்பு ஆட்சியர் ஜே.எச்.ஏ. டிரெமென்ஹீர், அம்மாவட்டப் பறையரின் நிலை குறித்து அரசுக்கு ஒரு விரிவான குறிப்பை அனுப்பினார். மாவட்ட மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பறையர். அவர்கள் நிலமின்றியும் மனையுரிமையின்றியும் கடன்கட்டில் சிக்கியும் வாழ்வதையும், தரிசுக்கு மனு செய்தால் மிராசுதார்கள் தடுப்பதையும் அவர் பதிவு செய்தார். அவர் சொன்ன தீர்வு எளிது: நிலம் கொடுங்கள். 1892 செப்டம்பர் 30 அன்று வந்த 1010, 1010ஏ எண்ணிட்ட வருவாய்த் துறை அரசாணைகளையே இன்று நாம் பஞ்சமி நில உரிமையின் தொடக்கமாகக் கொள்கிறோம். அவ்வாணையும் அதைத் தொடர்ந்து உருவான வருவாய் நிலையாணைகளும் விதித்த நிபந்தனை இதுவே: ஒப்படைக்கப்பட்ட நிலத்தை முதல் பத்தாண்டுகளுக்கு எவருக்கும் விற்கக் கூடாது, அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் அல்லாத எவருக்கும் மாற்றக் கூடாது.

இது அதிகாரியின் கருணையால் மட்டும் வந்ததன்று. இதே மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அக்காலத்தில்தான் பறையர் மகாஜன சபையைக் கட்டினார். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். நூறாண்டுக்கு முன் பிரெஞ்சு உழவர் ஏட்டில் எழுதிய குறையை, செங்கற்பட்டுச் சேரி இதழாகவே அச்சிட்டது.

பஞ்சமி நிலம் மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் முன்வைக்கும் கணக்கு. அதில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. நிபந்தனை சட்டத்தில் இருந்தது; பதிவேட்டில் நிபந்தனை மறைந்தது. 1994 அக்டோபர் 10 அன்று, காரணையின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிச் செங்கற்பட்டில் திரண்ட மக்கள் மீது காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். நூற்றிரண்டு ஆண்டுகளுக்கு முன் அரசே எழுதிக்கொடுத்ததை அரசிடமே கேட்டதற்குக் கிடைத்த பதில் அது.

தொழில்தடத்தின் கணக்கு

இனி நிகழ்காலத்துக்கு வருவோம். 1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் நிலத்தைக் கையகப்படுத்தி, மனைகளாக்கி, நெடுங்காலக் குத்தகைக்கு விடுகிறது. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை வந்தது முதல் இத்தடம் விரிந்துகொண்டே வருகிறது. இந்நிலக் கையகப்படுத்தலுக்குப் பயன்படும் முதன்மைக் கருவி, தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நிலக் கையகப்படுத்தல் சட்டம், 1997.

2013ஆம் ஆண்டின் மத்திய நிலக் கையகப்படுத்தல் சட்டம் ஒரு முக்கியமான மாற்றத்தைக் கொண்டுவந்தது. அதன் 3(சி) பிரிவின்படி, நிலம் இல்லாவிட்டாலும், கையகப்படுத்தலுக்கு முன் மூன்றாண்டுகள் அந்நிலத்தை நம்பி வாழ்ந்த விவசாயக் கூலிக் குடும்பமும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' ஆகும். மேலும், கையகப்படுத்தலுக்கு முன் சமூகத் தாக்க மதிப்பீடு நடத்தி, பாதிக்கப்படும் குடும்பங்கள் எத்தனை என்று மதிப்பிட வேண்டும். பர்னார்டு காலத்திலிருந்து பட்டாவையும் பங்கையும் மட்டுமே எண்ணிவந்த அரசு, முதன்முறையாகக் கூலியாளையும் எண்ணும் கட்டாயத்துக்கு உள்ளானது.

தமிழ்நாடு அந்தக் கட்டாயத்திலிருந்து விலகிக்கொண்டது. 105ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்து, 1997ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளிட்ட மூன்று மாநிலச் சட்டங்களுக்கு விலக்கு உண்டாக்கியது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. அதே ஆண்டு மாநில அரசு மீட்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. 2021 ஜூன் 29 அன்று ஜி. மோகன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லுமென்றது. விளைவு என்ன? மத்தியச் சட்டத்தின் இழப்பீட்டு அட்டவணையும் மறுவாழ்வு அட்டவணையும் ஏட்டளவில் பொருந்துகின்றன. சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை. மறுவாழ்வு உரிமை இருக்கிறது. அதற்கு உரியவரைக் கண்டறியும் முதல் கணக்கெடுப்பு இல்லை. பட்டாதாரின் பெயர் பதிவேட்டில் இருப்பதால் அவரைத் தேடி அறிவிப்பு வருகிறது. அந்த வயலில் நாற்று நட்ட பெண்ணின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பரந்தூர் விமான நிலையத்துக்காகக் காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் வட்டங்களின் ஊர்களில் நிலம் எடுக்கப்படுவதும் இதே 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்தான். எனவே இது முடிந்துபோன வழக்கன்று.

கணக்கின் மறுபக்கத்தைப் பார்ப்போம். முதலீட்டை ஈர்க்க அரசு முத்திரைத் தீர்வைச் சலுகையும் மின்வரி விலக்கும் முதலீட்டு மானியமும் தருகிறது. செலுத்தப்பட்ட விற்பனை வரியைத் திருப்பித் தருவதும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் ஆலை அமைக்க நோக்கியாவுடன் 2005இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், மாநில மதிப்புக்கூட்டு வரியையும் மத்திய விற்பனை வரியையும் திருப்பித் தரும் உறுதி இருந்தது. 2014 நவம்பர் 1 அன்று அந்த ஆலையில் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். திருப்பித் தரப்பட்ட வரி, தொழிலாளரோடு அங்கேயே தங்க வேண்டிய கட்டாயம் எதையும் உண்டாக்கவில்லை.

இத்தகைய சலுகைகள் எல்லாமே தவறு என்று நாம் சொல்லவில்லை. இத்தடத்தின் ஆலைகளில் நம் பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். பண்ணைக் கூலியை விட்டு மாதச் சம்பளத்துக்கு வந்த குடும்பங்கள் உண்டு. அதன் மதிப்பை நாம் குறைத்துப் பேச மாட்டோம். நாம் கேட்பது களத்தின் பழைய கேள்வி: எது பிரிப்பதற்கு முன் கழிக்கப்படுகிறது, எது பிரித்த பின் எஞ்சுகிறது?

பட்டியல் சாதியினருக்கான சிறப்புக்கூறுத் திட்டம் 1979–80 முதல் நடைமுறையில் உள்ளது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டு மக்களில் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். திட்டச் செலவில் அந்த விகிதத்தில் ஒதுக்கீடு வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஒதுக்கிய நிதி செலவாகாமல் திரும்பியதும் பொதுச் செலவுக்குத் திருப்பப்பட்டதும் அனைவரும் அறிந்த வரலாறு. நீண்ட போராட்டத்துக்குப் பின் 2024இல் தமிழ்நாடு அரசு இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அது ஒரு வெற்றி. ஆனால் அந்தப் பங்கு, செலவிலிருந்து கணக்கிடப்படுகிறது. விட்டுக்கொடுக்கப்பட்ட முத்திரைத் தீர்வையும் வசூலிக்காத மின்வரியும் வரவிலேயே ஏறுவதில்லை. வரவில் ஏறாத தொகை செலவாகவும் ஆவதில்லை. செலவாகாத தொகையில் ஐந்தில் ஒரு பங்கு கேட்கவும் வழியில்லை. சலுகை, பொதுக் குவியலிலிருந்து முதலில் கழிக்கப்படுகிறது. நம் பங்கு, பிரித்த பிறகு அளக்கப்படுகிறது.

பெயரைக் கணக்கில் ஏற்றுவது

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, பதிவேட்டைப் படிப்பது. ஒவ்வொரு ஊரிலும் நிலவரித் திட்டப் பதிவேடும் 'அ' பதிவேடும் உள்ளன. 1980களில் நிலப் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டதற்கு முந்தைய பதிவையும் பிந்தைய பதிவையும் ஒப்பிட்டால், நிபந்தனைப் பட்டா நிலம் எந்த இடத்தில் சாதாரணப் பட்டாவாக மாறியது என்பது தெரியும். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் இவற்றின் நகலைக் கேட்கலாம். கல்லூரி மாணவர்கள் தம் சொந்த ஊரிலிருந்து இதைத் தொடங்கினால் அதைவிடப் பயனுள்ள களப்பணி வேறில்லை.

இரண்டாவது, இத்தடத்தில் நிலம் எடுக்கப்படும் ஒவ்வொரு ஊரிலும், அரசு செய்யாத கணக்கெடுப்பை நாமே செய்வது. எந்தக் கூலிக் குடும்பம் எத்தனை ஆண்டுகளாக எந்த நிலத்தை நம்பி வாழ்ந்தது என்பதை, ஊரக வேலை அட்டை, குடும்ப அட்டை, சாட்சியங்கள் ஆகியவற்றுடன் பட்டியலிட்டு, கையகப்படுத்தல் விசாரணையில் எழுத்துப்பூர்வமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஆவணத்தில் ஏறிய கோரிக்கையை நிராகரிக்கக் காரணம் எழுத வேண்டியிருக்கும். ஏறாததை நிராகரிக்கக் காரணமே தேவையில்லை.

மூன்றாவது, சலுகைக்கு நிபந்தனை கோருவது. பொதுப்பணத்தில் ஊக்கத்தொகை பெறும் ஒவ்வொரு நிறுவனத்துடனான ஒப்பந்தமும் வெளியிடப்பட வேண்டும். அதன் நிரந்தரப் பணியாளர், பயிற்சியாளர், ஒப்பந்தத் தொழிலாளர் ஆகியோரில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்பதையும், நிலம் இழந்த ஊர்களின் சேரிகளிலிருந்து எத்தனை பேர் என்பதையும் ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும். விட்டுக்கொடுக்கப்பட்ட வருவாயையும் சேர்த்தே பட்டியல் சாதியினருக்கான பங்கைக் கணக்கிட வேண்டும் என்று 2024ஆம் ஆண்டுச் சட்டத்தின் நடைமுறையில் வலியுறுத்த வேண்டும்.

இவற்றைக் கோரும்போது நம்மை நோக்கி ஒரு பழைய வாதம் வீசப்படும்: வரி கட்டுவோரின் பணத்தை நீங்கள் கேட்கிறீர்கள் என்பார்கள். 2017 ஜூலை முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறையில் உள்ளது. சோப்பு வாங்கும்போதும், பிள்ளைக்குச் செருப்பு வாங்கும்போதும், கைப்பேசிக்குப் பணம் கட்டும்போதும் சேரி வரி கட்டுகிறது. அதே தடத்தின் ஆலைக்கு மாநிலம் திருப்பித் தரும் தொகையில் அந்தக் காசும் இருக்கிறது. நவாபின் காலத்தில் படி நெல்லாகக் குறைந்தது, வெள்ளையர் காலத்தில் உப்பாக வாங்கப்பட்டது, இன்று விலைச்சீட்டின் அடிவரியில் அச்சாகிறது. இம்முறை ரசீது நம் கையில் இருக்கிறது. பயனாளிகளாக அல்ல, வரி செலுத்துவோராக நின்றே நாம் கணக்கைக் கேட்கிறோம்.